கம்பி

கொய்ஹைக்கேயில் ஜூன். மூன்று மணிக்கே மலை இருட்டுகிறது.
ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இரண்டு போடு.
லெங்கா மரம் வாய் திறக்கவில்லை.
சுனில்டா கோடாலியை எடுத்தாள்.

ணங்!
அரிசியளவு பல் போயிற்று கோடாலிக்கு.

வைரத்துக்குள் துருப்பிடித்த முள்கம்பி.
அதற்கு வெளியே நாற்பத்தொரு வளையம்,
எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

ஆக, ரொசமெல் சொன்னது மெய்.
பழைய வேலி இந்த மரத்தில்தான்.
ஓடைக்கு அந்தப் பக்கம் என்று
கடவுள்மேல் ஆணையிட்டு
வழக்கில் ஜெயித்தவள் இவள்.

தள்ளுவண்டியில் ஆறு நடை.
எல்லாம் கொட்டகையில் அடுக்கியாயிற்று, காய.
அதை மட்டும்
பச்சையாகவே அடுப்பில் திணித்தாள்.

விடிய விடியப் புகை.
ரொசமெல் வேலியருகே வந்து கேட்டான்:
'ஈர விறகா? என்னிடம் காய்ந்தது இருக்கிறதே.'

சாம்பல் வாளியைப் பின்னால் மறைத்தாள்.
உள்ளே எதுவோ கிணுங்கியது.