ஜாடியில் ஏழு குச்சிகள்

பாதரசம் உறைந்து
வேலைநிறுத்தம் செய்து நாற்பத்தொரு நாள்.
இப்போது சாராய மானிதான் பேசுகிறது,
அதுவும் மைனஸ் நாற்பத்திரண்டு என்று
ஒரே பல்லவி.

சறுக்குமட்டை கட்டித் தோட்டத்துக்குப் போய்
மரத்துக்கு ஒன்றாய்க் குச்சி நறுக்கினேன்.
வேலிக்கு அப்பாலிருந்து அவ்தோத்யா கேட்டாள்:
"செத்ததை எண்ணவா, கிளாஃபிரா?"
அவள் மூச்சே புகைந்து அவள் முகத்தை மூடியது.
பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சமையலறைச் சன்னலில் ஜாடி.
ஆறு குச்சிக்கு ஆறு நிற நூல்.
ஏழாவதற்கு நூல் வேண்டாம், தெரியும்.

யெனிசேயின் இந்தக் கரையில்
ஆப்பிளைப் படுக்கவைத்துத்தான் வளர்க்கிறோம்.
கன்றிலேயே வளைத்து
மண்ணோடு முளையடித்துவிட்டால்
மேலே நாற்பது உறைந்தாலும்
பனிக்கடியில் பத்துதான்.
ரோதியோன் நோரில்ஸ்க் சுரங்கத்துக்குப் போன வருடம்
ஒன்றை வளைக்க மறந்தேன்.
அது நிமிர்ந்துவிட்டது.

குளிரைத் தாங்கும் வேலையை
மரம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும்.
வளர்ச்சியை நிறுத்தும். மொட்டுக்குச் செதில் போர்த்தும்.
சேர்த்த மாவைச் சர்க்கரையாக்கும்.
உயிரணுவுக்குள் இருக்கும் நீரை
'வெளியே போய் உறை' என்று அனுப்பிவைக்கும்.
சுவருக்கு அப்பால் ஊசி ஊசியாய்ப் படிகம்;
இப்பால்
பாகுபோல் கெட்டித்துக் கொஞ்சம் உயிர்.

ஜூலை கடைசியில் ஒரு வரிசைக்கு
அள்ளி அள்ளி எருவிட்டேன்.
செப்டம்பரிலும் தளிர்விட்டுக்கொண்டிருந்தது, சந்தோஷமாய்.
அந்தச் சிவப்பு நூல்தான்
ஜாடியில் முதலில் நாறியது.

மூன்றாம் வாரம் கத்தி எடுத்தேன்.
படுத்துக்கிடந்தவற்றின் பட்டைக்கடியில் பச்சை,
நறுக்கிய வெள்ளரியின் பச்சை.
ஏழாவதைக் குறுக்கே வெட்டினேன்.
நடுத்தண்டு தேயிலைச்சக்கை நிறம்.
மையம் போய்விட்டது.
சன்னலருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தால்
கறுப்பைச் சுற்றி
நகக்கண் அகலத்துக்கு
ஈரமாய் ஒரு வளையம்.

இப்படியே இருபது வருடம் காய்க்கும் மரங்கள் உண்டு.
அவ்தோத்யாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.
நோரில்ஸ்குக்கு எழுதுவதாகவும் இல்லை.

இரவில் காட்டு லார்ச் ஒன்று
துப்பாக்கி வெடித்தாற்போல் பிளக்கிறது.
அந்தச் சத்தம் பழகிவிட்டது.
எனக்குப் பயமெல்லாம்
மார்ச்சில் ஒரு மத்தியானம்
கூரையிலிருந்து சொட்டும் முதல் சொட்டு.
அதை நம்பி விழிக்கும் மரம்
அன்றிரவே சாகும்.

உருளைக்கிழங்குச் சாக்கு இரண்டைப் பிரித்து
ஏழாவதன் தெற்குப் பக்கம் கட்டிவிட்டு வந்தேன்,
வெயில் படாமல்.
தூங்கட்டும் இன்னும் கொஞ்ச நாள்.