முந்நூறு கிராம்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
தரை கூட்டிய குப்பையும் வெள்ளிதான்.
கை கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது,
தொட்டியில் தெளியவைத்து வண்டல் எடுப்பார்கள்.
பதினாறு வருடம் நான் உட்கார்ந்த கோணிச்சாக்கை
நான் நின்ற வாரமே எரித்தார் முதலாளி.
கிருமிக்குப் பயந்து என்றுதான் நினைத்தேன்.
சாம்பலை அலசி
நாலு கிராம் எடுத்ததாகப்
பிறகு பாலிஷ்காரப் பையன் சொன்னான்.

என் நெஞ்சுக்குள் போனதை மட்டும்
யாரும் அலசிப் பார்க்கவில்லை.

குகை சுகாதார நிலையத்தில்
மாத்திரையோடு ஒரு படிவமும் நீட்டினாள் ரெஜினா சிஸ்டர்.
மாசம் ஆயிரம், சத்தாகச் சாப்பிட.
இன்றைய விலைக்குப் பத்து கிராம்கூட வராதே என்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.
பழக்கம்.

பணம் வரவில்லை.
ஆதாரில் மாதையன். பாஸ்புக்கில் மாதய்யன்.
மூன்று முறை வங்கிக்குப் போனேன்.
முகக்கவசத்தோடு வரிசையில் நின்றால்
முன்னால் நின்றவர் இன்னும் கொஞ்சம் முன்னால் போவார்.
"ரெண்டு பேரும் நீங்கதானா?"
கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.
இருமல் வந்துவிட்டது,
ஆமாம் சொல்ல நேரமாயிற்று.

நாலாம் மாசம் மொத்தமாக விழுந்தது,
கணக்கில் காசில்லாத குற்றத்துக்கு
வங்கி கடித்தது போக.
பாதி வாடகை பாக்கிக்கு.

வீட்டுக்காரம்மாவுக்கு நோய் தெரியாது.
திடீரென்று முட்டை வாங்கினால் என்ன விசேஷம் என்பாள்.
அட்டையோடு துணிப்பைக்குள் வைத்து
மேலே கீரைக்கட்டைப் போட்டுக் கொண்டுவருகிறாள் கோகிலா.
அவித்து, நூலால் அறுக்கிறாள்.
அரசாங்கம் ஒரு வயிற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கிறது.
தட்டு நாலு.
மஞ்சள் கரு அப்பாவுக்கு என்பது சட்டம்.
சின்னவள் வெள்ளையை மென்றபடி
மஞ்சளைப் பார்க்கிறாள்.
சில நாள்
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
திரும்பி வரும்போது
தட்டில் தூள் மட்டும் கிடக்கும்.

"முட்டை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?"
"தினமும் சிஸ்டர்."
செருப்பைக் கழற்றச் சொல்லி
எடைமேடையில் ஏற்றினாள்.
எண்கள் தடுமாறி நின்றன.
"முந்நூறு கிராம் ஏறியிருக்கீங்க!"
அவளே தின்று ஏறியது போல
அப்படி ஒரு சிரிப்பு.

பட்டறையில் மூன்று கிராம் குறைந்தால்
வாசலில் நிறுத்தி மடியை உதறச் சொல்வார்கள்.
முந்நூறு கிராமை
உடம்பில் வைத்துக்கொண்டு
அதே தெரு வழியாக நடந்து வந்தேன்.
யாரும் நிறுத்தவில்லை.