துஷ்டி லீவு

முதலாளியின் சித்தப்பா இறந்துபோனார்.
அவரை நாங்கள் பார்த்ததில்லை.
ஷட்டரில் ஒட்டியிருந்த தாளை
மூன்று தடவை வாசித்தாள் பேச்சித்தாய்:
'இன்று ஒரு நாள் மட்டும்.'

ஜங்ஷன் முழுக்க மழை.
ஹாஸ்டலுக்குத் திரும்பினால்
வார்டன் அரிசி புடைக்கச் சொல்வாள்.
'ஏட்டி, குத்தாலம் போவமா?'
கேட்டது யார் என்று இன்றுவரை சண்டை.

மாற்றுத்துணி இல்லை.
அரக்கு யூனிபார்ம் சேலை,
தோளில் கடைப்பெயர்.
பேச்சித்தாய், ஜெபக்கனி, மைதீன்பாத்து, நான்
நாலு பேருக்கும் சேர்த்து அறுநூற்றுப் பத்து ரூபாய்.

ஆலங்குளம் தாண்டியதும்
காற்றாடிகள் மேகத்துக்குள் கைவிட்டு
எதையோ தேடிக்கொண்டிருந்தன.
பாவூர்சத்திரத்தில் ஏறியவர்
தக்காளிக் கூடையை ஜெபக்கனி காலில் வைத்துவிட்டுப் பதறினார்.
'இருக்கட்டும் அண்ணாச்சி,
அது மரத்து நாலு வருசமாச்சு.'

இறங்கியதும் தெரிந்துவிட்டது.
ஆர்ச்சை மூடி விழுகிறது தண்ணீர்,
வெள்ளையாக இல்லை, காபி நிறத்தில்,
ஒரு மரக்கிளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.
சைரன் ஊதினார்கள்.
மழைக்கோட்டுப் போட்ட போலீஸ்காரம்மா கயிற்றைக் கட்டினாள்:
'குளிக்கத் தடை. தள்ளி நில்லுங்க.'

தள்ளி நின்றோம்.
நிற்பது எங்களுக்குத் தெரிந்த தொழில்.
காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால்
இரவு பத்துக்குக் கால் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.
ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது.
ஆபீசர் வருகிற நாளில் துடைத்து வைப்போம்.

இதற்குள் மைதீன்பாத்து
பஸ் நிறுத்தத்திலேயே வாங்கிய நல்லெண்ணெயைத்
தலை நிறையத் தேய்த்திருந்தாள்.
'கேக்காம ஏம்ளா வச்ச?'
'அருவிக்கு வந்து அருவி இருக்கான்னு கேப்பாவளா?'
நேந்திரங்காய் சிப்ஸ் கடையின் தகரக்கூரை
ஓரத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.
போய் அதன் கீழே தலையைக் கொடுத்தாள்.
கடைக்காரர் கரண்டியோடு வந்தார், கத்தினார்,
பிறகு உள்ளே போய்ச் சீயக்காய்ப் பாக்கெட் ஒன்றை எறிந்தார்.
ஐந்தருவிதான் உண்டென்று நினைத்திருந்தோம்.
ஆறாவதில் முறை வைத்துக் குளித்தோம்.

குரங்கு ஒன்று ஜெபக்கனியின் சிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு
எங்களைவிட நாகரிகமாகத் தின்றது.

அப்புறம் படியில் உட்கார்ந்தோம்.
ஈரப்படி. யாரும் எழுப்பவில்லை.
குளிக்கத்தான் தடை.
ஒரு மணி, ஒன்றரை மணி, பேச்சே இல்லை.
பேசினாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது.

எனக்கு ஒரு வியாதி,
எதைப் பார்த்தாலும் சேலையாகத் தெரியும்.
இது ஐந்தரை மீட்டரில் அடங்காது,
முந்தி எங்கே, உடல் எங்கே தெரியவில்லை,
கரையில் மட்டும் கொஞ்சம் ஜரிகை.
சொன்னேன். பேச்சித்தாய் காதருகில் வந்து கத்தினாள்:
'அதில்லட்டி. பிரிச்சிக்கிட்டே இருக்கு பாரு,
ஒருத்தரும் மடிக்கல.'

பிரித்ததை மடிக்க வேண்டும்.
வாங்காமல் போனாலும் மடிக்க வேண்டும்.
கடைசி விளக்கை அணைக்கும்போது
கையில் ஒரு மடிப்பு மிச்சமிருக்கும்.
நான் மறுபடி அருவியைப் பார்த்தேன்.
மேலேயிருந்து வந்துகொண்டேயிருந்தது,
காட்டிக்கொண்டேயிருந்தது,
பிடித்திருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை.

இருட்டிய பிறகு தென்காசி வரை ஆட்டோ,
அங்கிருந்து நின்றபடியே திருநெல்வேலி.
ஜெபக்கனி கம்பியைப் பிடித்தவாறே தூங்கினாள்.

மறுநாள் சேலை காயவில்லை.
இஸ்திரிப் பெட்டியில் ஆவி பறக்கத் தேய்த்துக் கட்டிக்கொண்டோம்.
'துஷ்டிக்குப் போனியளா?' என்றார் சூப்பர்வைசர்.
'தலை முழுகிட்டுத்தான் வந்தோம் சார்' என்றாள் மைதீன்பாத்து.

பதினொரு மணிக்கு ஓர் அம்மா.
'வேற காட்டு. வேற. இதுல்லாத வேற.'
இருபத்திரண்டாவது சேலையை
மேசையிலிருந்து தரைவரை உதறினேன்.
காபி நிறம்.
அவள் எழுந்து போய்விட்டாள்.
நான் அப்படியே விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரமோ.
எதிர் கவுண்டரில் பேச்சித்தாய்
வாயைக் குவித்து, மெல்ல,
சைரன் ஊதினாள்.