உடன் பயணிக்காத ஒருவர்

பராகுவே ஏன் என்று கேட்காதீர்கள்.
அங்கே போய்வந்த ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது,
அவ்வளவுதான்.
ஹெல்சிங்கி கணக்கில் சேராது.
கப்பலில் இரண்டு மணி நேரம், இறங்கினால் அதே மழை.

தாலினில் ஜனவரி. ஜன்னலின் உட்புறமே உறைபனி.
சமையலறை மேசையில் வரைபடம், சுருண்டுகொள்ளும் மூலையில்
கெஃபீர் புட்டி, எதிர்மூலையில் காவ்போவின் முழங்கை.
இங்கே இன்று முப்பத்தெட்டு டிகிரி என்கிறான்,
விரலை அசுன்சியோன்மேல் வைத்து,
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.
அரைக்கால்சட்டை வாங்க வேண்டும்.
இந்த மாதத்தில் யார் விற்பார்கள்?

ஒரு காப்பி இருபதாயிரம் குவாரனி.
முதலில் அதிர்ந்தான். பிறகு வகுத்துப் பார்த்து,
அப்படியென்றால் நாம் கோடீஸ்வரர்கள் என்றான்.

நான் பட்டியல் போடுகிறவள்.
மஞ்சள் காய்ச்சல் ஊசி.
வயிற்றுக்கு மாத்திரை: போக ஒன்று, நிற்க ஒன்று.
பிளக் அங்கேயும் இதே வடிவம்தான்.
அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
கடவுச்சீட்டுப் படத்தில் இருவரும்
பிடிபட்டவர்கள்போல் இருக்கிறோம்.

நூலகத்தில் எடுத்த ஸ்பானியச் சொற்றொடர்ப் புத்தகம்
முழுக்க விபத்துகளுக்காகவே எழுதப்பட்டது.
என் பெட்டி வரவில்லை. இது என் கையெழுத்து அல்ல.
என் கணவருக்கு மூச்சு வாங்குகிறது.
எவ்வளவு தேடியும்
சும்மாதான் வந்தோம் என்பதற்கு ஒரு வாக்கியம் இல்லை.
காவ்போ குளிக்கும்போது உரக்கச் சொல்லிப் பழகுகிறான்.
குழாய் வழியே ஐந்து மாடிக்கும் தெரியும்,
அவன் பெட்டி வரவில்லை.

நேற்று காப்பீட்டுப் படிவம்.
உடலைத் திருப்பி அனுப்பும் செலவு உட்பட என்றொரு வரி.
சத்தமில்லாமல் தாண்டினோம்.
பதினான்காம் கட்டத்தில் நின்றோம்:
அவசரத்துக்கு அழைக்க, உடன் பயணிக்காத ஒருவர்.

அவன் என் பெயரைச் சொன்னான். நான் அவன் பெயரை.
இருபத்தாறு வருடமாக எல்லாப் படிவத்திலும் அப்படித்தான்.
அவன் தம்பி? பேசி ஏழு வருடம், அந்தப் படகு விவகாரம்.
என் அலுவலகத்து மெரியே?
பிறந்தநாள் அட்டையில் கையெழுத்திடும் அளவு பழக்கம்.
கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.

எதிர்வீடு, எண் நாற்பத்தேழு.
பதினொரு வருடம் ஒரே லிஃப்ட்.
அவருக்கு ரஷ்ய மொழி, எங்களுக்கு எஸ்தோனியம்,
நடுவில் தலையசைப்பு.
மாலையில் ரேடியோ கேட்பார், வியாழன்களில் மீன் வறுப்பார்.
சுவரும் கதவிடுக்கும் சொன்னவை இவ்வளவு.
பெயர் சொல்லவில்லை.

போவதென்று முடிவானதும் திட்டமிட்டோம்.
ஏழரைக்குச் செய்தி முடியும், அதற்குமேல் போகலாம்.
கேக் என்றால் அதிகம், வெறுங்கை என்றால் குறைவு,
கடைசியில் ஒரு புட்டி லிங்கன்பெரி ஜாம்.
செருப்பா, வெறும் காலுறையா?
நான்கடித் தூரத்துக்குக் காவ்போ தலை வாரினான்.
பள்ளியில் கட்டாயமாகப் படித்த ரஷ்யன்
நாக்கின் அடியில் துருப்பிடித்துக் கிடந்தது.
மாடிப்படி விளக்கு அணைவதற்குள்
மன்னிக்கவும் என்ற சொல் கிடைத்தது.

கதவு சங்கிலி அளவு திறந்து,
கொஞ்சம் நேரம் கழித்து முழுசாகத் திறந்தது.

ஸினய்தா.
முதலில் தன் எழுத்தில் எழுதினார்,
அடித்துவிட்டு எங்கள் எழுத்தில் எழுதினார்,
தொலைபேசி எண்ணை இருமுறை சரிபார்த்தார்.
பராகுவே ஏன் என்று கேட்கவில்லை.
எத்தனை நாள் என்றார். பத்தொன்பது என்றோம்.
செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்றார்.
எங்களிடம் செடி இல்லை.
ஓ, என்றார்.

அந்த ஓ எங்களோடு திரும்பி வந்து
வரைபடத்தின்மேல் உட்கார்ந்தது.
இரவு முழுக்க அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இன்று காலை பட்டியலைப் புரட்டினேன்.
மாத்திரைக்கும் அரைக்கால்சட்டைக்கும் கீழே
காவ்போவின் கோணல் எழுத்து:
செடி ஒன்று.
தினமும் தண்ணீர் கேட்கும் ரகம்.