வெளியேறினார்

தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள்
தங்கச்சிமடத்தில் கரண்ட் நின்று பேசிய ஒரு மத்தியானம்
எடிட்டரை இறக்கினேன்.
எங்கள் டவர் அதை மூன்று தவணையில் தந்தது.

முதல் வரி எழுதியதுமே
அடியில் சிவப்பாய் நெளிந்தது ஒரு கோடு.
சர்வரின் சொற்கள் எந்த ஃபோல்டரில் என்று
அதற்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லையே.
கம்பைலர் ஒரு பக்கம், எடிட்டர் ஒரு பக்கம்,
பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாதிரி.
பாதையை எழுதிக் கொடுத்தால்தான் பேச்சுவார்த்தை.
ஒரு சாய்கோடு திரும்பி விழுந்ததில்
ராத்திரி முழுக்கப் போயிற்று.

ரெக்ஸன் செல்போன் கடையில்
டெம்பர் கிளாஸ் அட்டைகளுக்குப் பின்னால் ஓடுகிறது சர்வர்.
இருபத்து நாலு பேருக்கு இடம்.
விசைப்படகு கட்டிக் கிடக்கும் இந்த அறுபத்தொரு நாளும்
அடித்துப் பிடித்துத்தான் நுழைய வேண்டும்:
சுறா07, நெத்திலி ராஜா,
பேரே வைக்காத ஒருத்தன்.

டேப்புக்கு நாலு இடைவெளி என்கிறான் ரெக்ஸன்.
ரெண்டு போதும், என் திரை சின்னது.
என் கீபோர்டில் அரைப்புள்ளி
உப்புக்காற்றில் ஒட்டிக்கொண்டது.
குத்தினால் மூன்று விழும், இல்லையென்றால் ஒன்றுமில்லை.
வரி முடிந்தால் தானாகவே போட்டுக்கொள் என்று
எடிட்டருக்கு ஒரு பழக்கம் பழக்கினேன்.
அது போடக் கூடாத இடத்திலும் போட்டது.

கேட்டது சின்ன பிளகின்தான்.
லைன் அறுந்தவன் இடத்தைப்
பத்து நிமிஷம் பிடித்து வைக்கணும்,
அதே துப்பாக்கி, அதே மிச்ச உயிர்.
அறுந்ததும் எல்லார் திரையிலும் ஒரு வரி:
ஜெனோவின் வெளியேறினார்.

ரீசார்ஜுக்கு வந்து நின்ற ஜெனோவின் அம்மா
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.
"வெளக்கு வச்ச நேரத்துல என்ன வார்த்தைடா இது.
மாத்துங்க."

மாற்றினேன்.
போயிட்டு வர்றார்.

எடிட்டரின் எழுத்துருவில்
எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு அறை.
'போ' குடிவர மறுத்தது.
இரட்டைக்கொம்பு ஒரு அறையில், ப ஒரு அறையில்,
கால் அடுத்த வீட்டில்.
சர்வரிலோ வெறும் கட்டம் கட்டமாய்,
உப்பளம் மாதிரி.
எழுத்துரு மூன்று மாற்றி,
கோப்பை வேறு குறியாக்கத்தில் சேமித்து,
ஒரு சாவி அமுக்கினால் தொகுத்து
நேரே ரெக்ஸன் கடைக்குள் போய் உட்காரும்படி ஆனபோது
நாள் அறுபத்தொன்று.

பாம்பன் ஜெட்டியில் ஐஸ் உடைக்கும் சத்தம்
பன்னிரண்டுக்கும் கேட்டது.
தோன்றியது, செய்தேன்:
பத்து நிமிஷத்தை அழித்து
ஆயிரத்து எண்ணூறு என்று போட்டேன்.
போய் வர அவ்வளவு ஆகும்.

ஒன்று நாற்பது. சுறா07 போயிட்டு வர்றார்.
ஒன்று நாற்பத்து மூன்று. நெத்திலி ராஜா போயிட்டு வர்றார்.
பேரில்லாதவனுக்கு, பேர் இருக்க வேண்டிய இடம் விட்டு,
போயிட்டு வர்றார்.
ஜெனோவின் ஒருத்தனை இன்னும் சுட்டுவிட்டுத்தான் போனான்.

காலையில் ரெக்ஸன் போன்.
"பரமக்குடிப் பையன் ஒருத்தன் உள்ள வர முடியலங்கிறான்.
பார்த்தா ஒரு ஆள் இல்ல,
சர்வர் ஃபுல்லுனு காட்டுது.
என்ன பண்ணித் தொலைச்சே?"

திறந்து பார்த்தேன்.
எர்ரர் எதுவும் இல்லை.
முப்பத்து மூன்றாம் வரியில் அரைப்புள்ளி ரெண்டு,
அதைக்கூட கம்பைலர் பெரிதுபடுத்தவில்லை.
ஒரு வார்னிங் மட்டும், மஞ்சளில்:
'வரும் நேரம்' என்று அறிவித்திருக்கிறாய்,
எங்கேயும் பயன்படுத்தவில்லை.

"நாளைக்குச் சரியாயிடும்" என்றேன்.