காற்றுக்குக் காப்பீடு இல்லை

சாவிக்கு முன்னால் ஒரு படம் தருவேன்:
கருவாட்டுக்குப் பிளந்த மீன் மாதிரி
நாலு பக்கமும் விரித்துவைத்த ஒரு கார்.
இருக்கிற கீறல்களுக்கெல்லாம் வட்டம் போடுங்கள்,
புதிதாக வந்தால் உங்கள் கணக்கு.
சிலர் மண்டியிட்டு வண்டிக்கு அடியிலும் பார்ப்பார்கள்.
சிலர் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு
கடல் எங்கே என்பார்கள்.
எதிரேதான். பனிமூட்டத்துக்குப் பின்னால்.

ஸ்வாகோப்முண்டில் பத்து மணிவரை வெயில் எழுந்திருக்காது.
பாலைவனம் என்று நம்பி அரைக்கைச் சட்டையோடு வந்தவர்கள்
என் மேசைமுன் நடுங்கிக்கொண்டே கேட்பார்கள்.
டயரில் காற்றைக் குறையுங்கள்.
சரளையில் எண்பதைத் தாண்டாதீர்கள்.
பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள்,
அடுத்த பங்க் மூடிக் கிடக்கலாம்.
மணலும் காற்றும் செய்கிற சேதம்
எந்தக் காப்பீட்டிலும் சேராது, இங்கே ஒரு கையெழுத்து.
பதினோரு வருடமாகச் சொல்கிறேன்
அந்தப் பாதையில் ஒரு நாளும் போகாமல்.

போகவில்லையே தவிர, தெரியாமல் இல்லை.
மிதியடியில் சிவப்பு என்றால் தெற்கே, பெரிய குன்றுகள்.
கதவிடுக்கில் உப்பு என்றால் வடக்கே மீன்பிடிக்கப் போனவன்.
சாம்பல் மாவு என்றால்
நிலா என்று இவர்கள் பெயர்வைத்த மொட்டைப் பள்ளத்தாக்கு.
ஃபெஸ்டுஸ் தண்ணீரைத் திறக்குமுன்
விரலில் தொட்டு நான் திசை சொல்வேன்,
அவன் கிலோமீட்டரைப் பார்த்துச் சிரிப்பான்.
ஒருமுறை பின்சீட்டுக்கு அடியில்
காகிதத்தில் மடித்த பால்பல் ஒன்று.
யாரும் கேட்டு எழுதவில்லை.
ஸ்டேப்ளர் பின்களோடு இழுப்பறையில் இருக்கிறது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை
குய்செப் கணவாய்க்கு அப்பால் இரண்டு டயர் போய்
ஒரு தம்பதி நின்றுவிட்டது.
டிரைவருக்குக் காய்ச்சல்.
ஹென்னிங்ஸ் என்னைப் பார்த்தார்:
லிசெட், உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதல்லவா?

வால்விஸ் பே தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
கதவைச் சாத்தினாற்போல் பனி முடிந்தது.
எண்பதில் போனேன், என் சொல்லுக்கு நானே கட்டுப்பட்டு.
பிறகு நூறு.
பிறகு முள்ளைப் பார்க்கவில்லை.
வண்டியின் வயிற்றில் கற்கள் பொரிந்துகொண்டே வந்தன.

அவர்கள் காரின் நிழலில்
முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்,
பேசி வெகுநேரம் ஆகியிருக்கும்.
இப்படிப்பட்ட இடத்தில் எப்படி வாழ்கிறீர்கள் என்றாள் அந்தப் பெண்.
இங்கே யாரும் வாழவில்லை,
நான் மொண்டேசாவில் இரண்டு அறையில் இருக்கிறேன்,
பக்கத்து வீட்டு டிவி எனக்கும் கேட்கும் என்றேன்.
ஒரு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு
நான் கொண்டுவந்த காரில் போய்விட்டார்கள்.

மீட்பு வண்டி ஆறு மணிக்கு என்றார்கள்.
அப்புறம் ஒன்பது. அப்புறம் போனில் சிக்னல் இல்லை.

இருட்டியபின் கிழக்கிலிருந்து எழுந்தது காற்று,
குளிர்காலத்து நடுவில் அடுப்பைத் திறந்த சூட்டோடு.
முதலில் யாரோ கண்ணாடியில் அரிசி எறிகிற மாதிரி.
பிறகு எறிகிறவர் மூட்டையையே கவிழ்த்த மாதிரி.
ஓட்டுநர் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்,
நிற்கிற வண்டியில், எதற்கென்று தெரியாமல்.
ஆப்பிளை விதையோடு தின்றேன்.
விடியும்வரை ஒரு பாலைவனம் மொத்தமும்
என்னைத் தாண்டிக் கடலுக்குப் போனது.

காலையில் இறங்கிப் பார்த்தேன்.
காற்று வந்த பக்கம் வண்ணமே இல்லை.
கண்ணாடி பால்பாட்டில் போலிருந்தது.
தொட்டால் பட்டுத்துணி.

படத்தை எடுத்தார் ஹென்னிங்ஸ். யார் கணக்கு?
அவர்கள் புது வண்டிக்கு மாறிக் கையெழுத்திட்டாயிற்று.
வட்டம் எங்கே போடுவது என்று பேனா தயங்கியது.
வாங்கி, காரைச் சுற்றி ஒன்றே ஒன்று போட்டேன்.
கீழே என் பெயர்.
சம்பளத்தில் எட்டுத் தவணை. மூன்று பாக்கி.

நேற்று ஒருவர், சாவியைச் சுழற்றிக்கொண்டே:
அங்கே ரொம்ப அமைதியாக இருக்குமாமே?

இல்லை சார், என்றேன்.
பயங்கரச் சத்தம்.