மொழிபெயர்க்க வேண்டாத சொல்

தாப்பா கோர்ட்டில் அன்றைக்கு ஏர்கோன் ரிப்பேர்.
வக்கீலின் கறுப்புக் கோட்டுக்குள்
வேர்வை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்
சாட்சிக் கூண்டேறினாள் வீராயி.
அறுபத்திரண்டு வயது.
முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவள்,
இப்போது பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில்
தட்டு கழுவுகிறாள்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
சத்தியம் செய்து சம்பளம் வாங்குகிறவள்.

கம்பெனி வக்கீல் இங்கிலீஷில் கேட்டார்:
உங்கள் வீடு லைனுக்கு உள்ளேயா, வெளியேயா?

லைன்.
இதற்கு எதற்குத் தமிழ்?
எங்கள் வாயிலும் அது லைன்தான்.
அப்படியே நீட்டினேன்,
சில்லறை மாற்றாத நோட்டைப் போல.

"லைனுக்கு உள்ளாறதான் ஐயா.
லைன்லதான் பொறந்தேன்.
எட்டாம் லைனு, கோடி வீடு."

வக்கீல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.
அவர் மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது,
சர்வேயர் இழுத்த சிவப்புக் கோட்டோடு.
கோட்டுக்கு வெளியே சர்க்கார் நிலம்,
அங்கே கம்பெனியின் மண்வாரிக்கு வேலையில்லை.
உள்ளே என்றால்
உள்ளே என்று அவளே சொல்லிவிட்டாள்.

சொல்ல வைத்தது நான்.

"துவான், ஒரு திருத்தம்" என்றேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"சாட்சி சொன்னது வேறு லைன்."
"எந்த லைன்?"

வாயைத் திறந்தேன். எதைச் சொல்ல?
ஒரே தகரக் கூரை, பத்துக் கதவு,
ஒரு வீட்டில் இருமினால்
மூன்றாம் வீட்டில் வெந்நீர் வைப்பார்கள், அது.
புத்தகத்தில் அதை லயம் என்று எழுதுகிறார்கள்.
தாளம் தப்பாத ஊர் போல. அப்படியொன்றுமில்லை.
அந்தக் கூரை ஓரமாய் சைக்கிள் மிதித்து
மாசிலன் எனக்கு லைன் அடித்தது
பத்துக் கதவுக்கும் தெரியும்.
அப்பாவின் கையில் லைன் கிடைக்கவில்லை என்று
நர்ஸ் நான்கு இடத்தில் குத்தினாள்,
ஐந்தாவது இடம் தேடும்போது அவர் போய்விட்டார்.
ஐசிக்காக வீராயி விடியற்காலையில் லைனில் நின்று
மூன்று முறை 'அடுத்த மாசம்' வாங்கி வந்ததும்
பைலில் இருக்கிறது, பின்னிணைப்பாக.

இதில் எதுவும் சிவப்பு மையில்லை, துவான்.

சொல்லவில்லை.
"தொழிலாளர் குடியிருப்பு வரிசை" என்றேன்,
என் தோட்டத்தில் யாரும் சொல்லாத மூன்று சொற்களில்.

நீதிபதிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.
"மொத்தம் எத்தனை லைன்தான் இருக்கிறது?"

அவர் கேட்டது என்னை.
கேள்வியில் அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும்
நான் திரும்புவதற்குள் பதில் வந்தது கூண்டிலிருந்து.

"பன்னெண்டு இருந்துச்சு ஐயா.
இடிச்சது போக மூணு."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.
குமாஸ்தா தட்டச்சில் எண்ணை மட்டும் பதிந்தார்.
வழக்கு ஆகஸ்டு பதினான்குக்குப் போனது.

நாலரை மணி பஸ்ஸுக்கு
இருவரும் ஒரே நிழலில் நின்றோம்.
மகளோடு பேசிக்கொண்டிருந்தவள்
"லைன் விட்டு விட்டு வருது, அப்புறம் கூப்புடுறேன்" என்று
கைப்பேசியை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள்.
என்மேல் கோபமா, தெரியவில்லை.
கோர்ட் அட்டை தொங்கும் என் கழுத்தைப் பார்த்தாள்.

"நீ எந்த லைனும்மா?"

விளக்கம் கேட்பதுதான் என் பிழைப்பு.
கேட்கவில்லை.
"நாலாம் லைன். அடுத்த தோட்டம்.
இப்ப அங்க செம்பனை."

"பைப்படிக்குப் பக்கமா?"

"பைப்படிக்குப் பக்கம்தான்."